பிரேக் பிடிக்காவிட்டால்?

கத்துவா சரக்கு ரயிலின் காணொளி இந்த வாரம் மறுபடியும் கைபேசிகளில் சுற்றுகிறது, அடியில் சிரிப்பு முகங்களோடு. எனக்குக் கோபம்தான் வந்தது. 2024 பெப்ரவரி 25ஆம் திகதி, ஜம்மு பக்கத்துக் கத்துவா நிலையத்தில் கருங்கல் சல்லி ஏற்றி நின்ற ரயில், சாரதி இல்லாமலே சரிவில் உருளத் தொடங்கியது. 70 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, பஞ்சாபின் உச்சி பஸ்ஸி அருகே, தண்டவாளத்தில் மரக்கட்டைகளைப் போட்ட பிறகுதான் நின்றது. யாரும் சாகவில்லை, அதனால் வேடிக்கையாகிவிட்டது.

கோச்சி வண்டியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்பது இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். கெச் சைடிங்கைப் பற்றி இன்று சொல்லியே ஆகவேண்டும். மலையிறங்கும் பாதையில், பிரதான தண்டவாளத்திலிருந்து பிரிந்து மேட்டை நோக்கி ஏறும் கிளைப்பாதை அது. மும்பைக்கும் புனேக்கும் இடையிலுள்ள போர் காட் மலைப்பாதையில் 37 அடிக்கு ஓரடி சரிவு. அங்கே இறங்கும் ரயில்கள் வழியில் நின்று, பிரேக் பிடிக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் தொடர்ந்து போகவேண்டும். அதுவரை பாதை கெச் சைடிங் பக்கமே திரும்பியிருக்கும். நிற்க முடியாத ரயில் தானாகவே மேட்டில் ஏறி வேகம் இழக்கும். சாரதி கெட்டிக்காரரா, சோம்பேறியா என்று அந்தத் தண்டவாளம் கேட்பதில்லை. பிரேக் ஒருநாள் பிடிக்காமல் போகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு போட்ட பாதை அது.

பிரேக் பிடிக்காமல் போன அப்படியொரு நாள்தான் 1889 ஜூன் 12. அன்று அயர்லாந்தின் ஆர்மாவில், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் உல்லாசப் பயணம் போன ரயில் ஏற்றத்தில் திணறி நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். கழற்றிவிட்ட பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். பயணிகள் ரயிலின் பெட்டிகள் பிரிந்துபோனாலும் பிரேக் தானாகவே பிடிக்கவேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டில் வந்தது.

இனி நம்முடைய கடுகன்னாவ இறக்கம், 2002 ஜனவரியில் ரம்புக்கனையருகே கண்டி–கொழும்பு ரயில் தடம்புரண்டு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் மனம், அதேபோல் மலையிறங்கும் கண்டி–குருநாகல் வீதியை விட்டு நகர மறுக்கிறது.

கலகெதரயிலிருந்து குருநாகல் பக்கம் இறங்கும் வளைவுகளில் பஸ்ஸை நியூட்ரலில் விடுபவர்களைப் பற்றி எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய சாரதிகளின் பாடம். நியூட்ரலில் விட்டால் இஞ்சினின் பிடி போய், பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் கொதித்து லைனிங் பிடியை இழக்கும். அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை.

2025 மே 11இல் கொத்மலை கெரண்டி எல்லயில், குருநாகலுக்கு வந்துகொண்டிருந்த பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டெம்பர் 4இல் எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர். ஒவ்வொரு முறையும் சாரதி தூங்கினாரா, வேகமாகப் போனாரா என்று விசாரிக்கிறோம். விசாரிக்கத்தான் வேண்டும். அந்த வீதி அவருக்கு என்ன வழி வைத்திருந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

அவுஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகருக்கு இறங்கும் தென்கிழக்கு நெடுஞ்சாலையில், பிரேக் போன லொறிகள் ஒதுங்கிக்கொள்ள ஓரத்தில் தனிப் பாதைகள் இருக்கின்றன. தளர்வாகக் கொட்டிய கூழாங்கல்லில் சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிடும். கெச் சைடிங்கின் அதே அறிவுதான், வீதியில்.

நம் மலையில் அதற்கு இடமில்லை என்பார்கள். 1860களிலேயே கடுகன்னாவப் பாறையைக் குடைந்து ரயில் பாதை போட்டார்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தொழிலாளர்களும் சேர்ந்து. இன்று இவ்வளவு இயந்திரங்களை வைத்துக்கொண்டு நூறு மீற்றர் கூழாங்கல் பாதைக்கு இடமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். இறக்கம் தொடங்கும் இடத்தில் பாரவண்டிகளும் பஸ்களும் கட்டாயம் நின்று பிரேக் பார்க்க ஓர் இடம் வேண்டும். பாதி இறக்கத்தில் ஒதுங்க ஒரு மேடு வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபை இந்த இரண்டையும் செய்யும்வரை இந்தப் பத்தியில் கேட்டுக்கொண்டே இருப்பேன். நல்ல சாரதி வாய்த்தால்தான் வீடு போய்ச் சேரலாம் என்ற நிலையில் எந்தப் பயணியையும் விட்டுவைக்கக் கூடாது.