ஸ்டியரிங்ல ஒரு பர்னாட்டோ, நாற்காலில ஒரு பர்னாட்டோ

பணக்கார வீட்டுப் பையன் ஒருத்தன் கார் ரேஸ்ல ஜெயிச்சான்னு கேள்விப்பட்டா நாம உடனே என்ன சொல்வோம்? "எல்லாம் அப்பா காசு, மச்சி!" வுல்ஃப் பர்னாட்டோ விஷயத்துல அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் எஞ்சினியரிங் படிக்கிற நமக்கு வேண்டியது.

முதல்ல அந்தக் காசு எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துடுவோம். அப்பா பார்னி பர்னாட்டோ லண்டனின் ஏழைப் பகுதியான வைட்சேப்பலில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவுக்குப் போய் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பெரும் சொத்து சேர்த்தார். 1897-ல் கப்பல் பயணத்தின்போது கடலில் விழுந்து இறந்தார். அப்போது மகன் வுல்ஃபுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. வளர்ந்த பிறகு அவருக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அவசியமே வரவில்லை. சர்ரே அணிக்கு விக்கெட் கீப்பராக ஆடினார், ஆசைக்காக கார் ஓட்டினார். அந்தக் காலத்து பிரிட்டனில் 'அமெச்சூர்' என்றால் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்தான்.

டபிள்யூ. ஓ. பென்ட்லி இதற்கு நேர் எதிர். டான்காஸ்டர் ரயில் எஞ்சின் பட்டறையில் அப்ரென்டிஸாக வேலை கற்று, 1919-ல் சொந்த கார் கம்பெனி ஆரம்பித்தவர். கார் பிரமாதம், கல்லாவில்தான் காசு இல்லை. 1926-ல் பர்னாட்டோ ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் போட்டு கம்பெனியைக் காப்பாற்றி, சேர்மன் ஆனார். பென்ட்லி தன் பெயரில் இருந்த கம்பெனியிலேயே இன்னொருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆனார்.

இப்போ ரேஸுக்கு வருவோம். பர்னாட்டோ லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றே தடவைதான் கலந்துகொண்டார்: 1928, 1929, 1930. மூன்றிலும் வெற்றி. 1928-ல் கடைசி நேரத்தில் சேஸி விரிசல் விட்டு, ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் போன பிறகும் வண்டியைப் பதமாக ஓட்டிக் கோட்டைத் தாண்ட வைத்தார். காசு கொடுத்து கார் வாங்கலாம், அந்தப் பொறுமையை வாங்க முடியாது. தன் ஓட்டுநர்களிலேயே சிறந்தவர் இவர்தான் என்று பென்ட்லியே பின்னாளில் எழுதினார். காரணம் வெறும் வேகம் இல்லை. பிட்டிலிருந்து வரும் உத்தரவை அப்படியே கேட்பார். யோசிச்சுப் பாருங்க, கம்பெனி முதலாளி, தன்னிடம் வேலை பார்ப்பவர் காட்டும் சிக்னலுக்குக் கட்டுப்பட்டு வேகத்தைக் குறைக்கிறார்!

ஆனா அதே மனிதர் சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்தா கதை வேற. சக ஓட்டுநர் டிம் பர்கின், நாலரை லிட்டர் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் மாட்டலாம் என்றார். காற்றை அழுத்தி உள்ளே திணித்தால் பவர் கூடும், சரி. ஆனால் எஞ்சின் மேல் விழும் சுமையும் கூடும். "பவர் வேணும்னா எஞ்சினைப் பெருசாக்கு" என்பது பென்ட்லியின் கொள்கை. ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ் அப்படி வந்ததுதான். பர்கினுக்கு டாரதி பேஜெட் என்ற இன்னொரு கோடீஸ்வரியின் பணம் கிடைத்தது. லே மான்ஸ் விதிப்படி 50 கார் தயாரித்தாக வேண்டும். பென்ட்லிக்கு விருப்பமில்லை. பர்னாட்டோ சம்மதித்தார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

1930 லே மான்ஸில் ஓடிய இரண்டு 'புளோயர்' கார்களுமே பந்தயத்தை முடிக்கவில்லை. முதல் இரண்டு இடமும் ஸ்பீட் சிக்ஸுக்கு. ஜெயித்த காரை ஓட்டியது யார்? பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும். சேர்மனா தான் கேட்காத எஞ்சினியரின் காரில்தான் டிரைவரா ஜெயித்தார்.

அடுத்த வருஷமே, பொருளாதார மந்தத்தில் கம்பெனி தடுமாறியது. இனி பணம் போட மாட்டேன் என்றார் பர்னாட்டோ. ரோல்ஸ் ராய்ஸ் வாங்கியது. இதில் பர்னாட்டோவைத் திட்ட நான் வரவில்லை. ஐந்து வருஷம் நஷ்டத்தைத் தாங்கியவர் அவர், முடிவில்லாமல் கொட்டணும்னு யாருக்கும் கடமை கிடையாது. புளோயர் ஒன்றே கம்பெனியைக் கவிழ்த்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. கம்பெனி போன பிறகும் பர்னாட்டோ பணக்காரர்தான். பென்ட்லிக்கோ தன் பெயரைத் தான் செய்யும் காரில் போடும் உரிமைகூட மிஞ்சவில்லை. பிடிக்கலைன்னா எழுந்து போகிற வசதி ஒருத்தருக்குத்தான் இருந்தது.

நம்ம புராஜெக்ட் டீம்லயும் இதுதானே நடக்குது? மோட்டாருக்கும் பேட்டரிக்கும் காசு போட்டவன் சொல்ற டிசைன்தான் கடைசியில் ஓகே ஆகும். கணக்குப் போட்டு "தாங்காதுடா"ன்னு சொன்னவன் வாயை மூடிக்கணும். காசு போடுற நண்பனை நான் வேண்டாம்னு சொல்லலை. அவன் இல்லாம வண்டியே இல்லை. நல்லா ஓட்டுவான்னா ஓட்டட்டும், கப்பையும் அவனே தூக்கட்டும். ஆனா டிசைன் ரிவ்யூவில் அவனுக்கும் ஒரே ஓட்டுதான். அதை முதல் பில் கட்டுறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க, பில் கட்டின பிறகு பேசவே முடியாது.