டயரைப் பார்த்துவிட்டுப் பெட்டி மாட்டுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமலே லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இப்போதே ஓடிவிடலாம். வகுப்பிலும் கடைசி பெஞ்சுக்கு அந்தச் சலுகை கொடுத்துத்தான் வைத்திருந்தேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக என் வண்டிதான் பேச்சு. "பதினஞ்சு வருசம் தாண்டிருச்சு, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஆகப்போகுது, மாமா இன்னும் அதுலயே ஊர் சுத்தறாரு, யாராவது எடுத்துச் சொல்லுங்க" என்று ஒரு மாப்பிள்ளை ஆரம்பித்து வைத்தார். அதே வாரம் என்னிடம் பிளஸ் டூ படித்த நான்கு பேர், கொல்லிமலை ஏறி அப்படியே வால்பாறை போவதாகப் படம் போட்டிருந்தார்கள். மூன்று நான்கு வருசத்து வண்டிகள். ஆளுக்கு மூன்று அலுமினியப் பெட்டி, இரண்டு எல்.இ.டி. விளக்கு, கைக்குக் கவசம், செல்போன் மாட்டும் கம்பி, ஹெல்மெட்டில் கேமரா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வண்டியின் பின் டயர் நடுவில் வழுக்கை. என் தலையே தேவலை.

மாப்பிள்ளைக்கும் இந்த நால்வருக்கும் ஒரே கோளாறுதான். கண்ணில் படுவதை வைத்து வண்டியை எடை போடுகிறார்கள். பழசு என்றால் ஆபத்து, பளபளவென்று மாட்டியிருந்தால் பாதுகாப்பு. இரண்டுமே தப்பு.

முதலில் வயதுக் கணக்கு. 15 வருசம் முடிந்தால் வண்டியை உடைக்க வேண்டும் என்று யார் சொன்னது? டெல்லி வட்டாரத்துக்கென்று வந்த கட்டுப்பாட்டை இங்கே கொண்டுவந்து ஒப்பிக்காதீர்கள். நம் ஊரில் 15 ஆண்டு முடிந்தால் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஓடத் தகுதி இருந்தால் பதிவை 5 ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். என் 2010 தண்டர்பேர்டுக்கு 2030 வரை தாள் இருக்கிறது. ஓடியது 1,46,000 கிலோமீட்டர். அதில் இதுவரை பின் டயர் ஒன்பது, செயின் செட் ஆறு, கிளட்ச் பிளேட் இரண்டு முறை, கோன் செட் மூன்று முறை மாற்றியாயிற்று. ஒருமுறை போர் போட்டுப் பிஸ்டன் மாற்றினேன். எல்லாம் தேதியோடும் கிலோமீட்டரோடும் நோட்டில் இருக்கிறது. வருகைப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? இந்த வண்டியில் எந்தப் பாகம் எப்போது போட்டது என்று நான் சொல்வேன். உங்கள் மூன்று வருச வண்டியில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்.

டயருக்கு வருகிறேன். ஓடும் வண்டி ரோட்டைத் தொடுவது இரண்டே இடத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு. எஞ்சின் இழுப்பதும், பிரேக் பிடிப்பதும், வளைவில் சாய்ந்து திரும்புவதும் அந்த இரண்டு உள்ளங்கை வழியாகத்தான். டயரின் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்று சிறிதாகப் பொறித்திருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் காலம் முடிந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமலே நின்றாலும் ரப்பர் இறுகும், பிடிப்புக் குறையும். டயர் வாங்கும்போது இந்த எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நம் நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் கொடுமை. உங்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ சித்தப்பாவோ லாரி ஓட்டியவர். டீக்கடையில் நிறுத்தினால் டீ சொல்வதற்கு முன்னால் கம்பியால் டயரை ஒரு சுற்றுத் தட்டிவிட்டு வருவார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் வண்டியை நிறுத்தியதும் செல்ஃபி எடுக்கிறீர்கள்.

"சார், என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கு" என்று பதில் வரும். தெரியும். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேல் விற்கிற எல்லா வண்டியிலும் அது கட்டாயம். நல்ல ஏற்பாடு. என் வண்டியில் இல்லை. அதற்காக வண்டியை மாற்றச் சொன்னால் உட்கார்ந்து பேசலாம், அது நியாயமான காரணம். ஆனால் மாப்பிள்ளை ஏபிஎஸ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்றுதான் எழுதினார். இன்னொன்று, ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், அவ்வளவுதான். டயரில் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? வழுக்கை டயரும் ஈர ரோடும் சேர்ந்தால் எந்தக் கணினி வந்தும் பயனில்லை.

சில வருசத்துக்கு முன் திம்பம் மலையில் என் மாணவன் ஒருவன் விழுந்தான். 27 கொண்டை ஊசி வளைவு, தூறல், இறக்கம். வண்டியில் விளக்கு நான்கு எரிந்துகொண்டிருந்தது. பின் டயரைப் பிறகு நானே போய்ப் பார்த்தேன், நகத்தால் கீற ஒரு பள்ளம் இல்லை. தொடையில் கம்பி வைத்து எட்டு மாதம் படுக்கை. வேலை போனது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் "விதி" என்று சொல்லிவிட்டு ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார்கள். டயர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த விளக்குகளுக்குக் கொடுத்த காசில் நல்ல டயர் போட்டிருக்கலாம்.

விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தலைவிளக்கு 60 வாட் இழுக்கிற வண்டியில் கூடுதலாக 55 வாட் ஆலஜன் இரண்டு மாட்டினால் மொத்தம் 170 வாட். ஆல்டர்னேட்டரால் அது முடியுமா என்று எந்தக் கடைக்காரர் உங்களிடம் சொன்னார்? எல்.இ.டி. குறைவாக இழுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரிலேயும் ஃபியூஸும் போடாமல் ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றிக் கொடுக்கிறார்கள். மழையில் நடுக்காட்டில் மொத்த வண்டியும் செத்துப்போகும். எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்குகிற பாவம் தனி. சத்தம் போடும் சைலன்சரைப் பற்றிப் பேசவே போவதில்லை, ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது.

பெட்டிக்கு வருவோம். பதினொன்றாம் வகுப்பில் நெம்புகோல் நடத்தினேனா இல்லையா? பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் உயரத்தில் கனத்தை வைத்தால் அது முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். முன்னால் பாரம் குறைந்தால் வேகத்தில் ஹேண்டில் ஆடும். அதனால் கனமான சாமானைத் தாழ்வாக, சீட்டை ஒட்டி, இரு பக்கமும் சம எடையாக வையுங்கள். மேல் பெட்டியில் மழைக்கோட்டும் துண்டும் போதும். பாரம் ஏற்றினால் காற்றும் அதற்கேற்ப வேண்டும், எவ்வளவு என்று வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கிறது. இன்னொரு கணக்கு: 60-இல் போகிறவன் 80-க்கு ஏறினால் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு. பிரேக் அவ்வளவையும் தின்றாக வேண்டும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி வந்தால் ஆயில் சூடாகி ஆவிக்குமிழ் உண்டாகும், லீவர் காற்றை அமுக்குவதுபோல் உள்ளே போகும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினை வைத்து வேகத்தைப் பிடியுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை நிறுத்துகிறவனை எனக்குத் தெரியும் என்று சொல்லவே கூசுகிறது.

செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் துடைத்து 90 நம்பர் கியர் ஆயில் விடுகிறேன். எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைக்காதீர்கள், விரல் போய்விடும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயின் மட்டும் போடுவதும் வீண், சீக்கிரமே அதையும் தின்றுவிடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பதிந்து நின்றால் கோன் செட் போய்விட்டது. ஆரக் கம்பிகளைச் சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். எது மட்டும் தொளதொளவென்று ஒலிக்கிறதோ அது தளர்ந்தது. இதற்கெல்லாம் காசே தேவையில்லை.

என் வண்டியில் மாட்டியிருப்பது ஒரு கிராஷ் கார்டு, இரண்டு கித்தான் பை. உள்ளே ஒரு டியூப், டயர் லீவர், பஞ்சர் சாமான், கைப் பம்பு, இரண்டு பிளக், ஃபியூஸ், கொஞ்சம் கட்டுக்கம்பி. கிளட்ச் கேபிள் இன்னொன்று, ஓடுகிற கேபிளோடேயே சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளது, வாரைப் பூட்டித்தான் போடுகிறேன். இதைப் படம் எடுத்துப் போட்டால் எத்தனை லைக் வரும் என்று எனக்கும் தெரியும்.

மாப்பிள்ளை, பதில் வந்துவிட்டதா? வண்டியை விற்கும் பேச்சு இனிக் குழுவில் வேண்டாம். நேரில் வந்தால் காபி உண்டு, நோட்டும் காட்டுகிறேன்.

கொல்லிமலைக் கோஷ்டி நால்வரும் வெள்ளிக்கிழமைக்குள் முன் டயர், பின் டயர் படம் எனக்கு அனுப்ப வேண்டும். நான்கு இலக்கம் தெரிய வேண்டும். காரவள்ளி தாண்டினால் எழுபது வளைவு. அந்த வழுக்கை டயர் யாருடையது என்று தெரியும், பெயரைப் போடவில்லை. காசு முடையாக இருந்தால் கூச்சப்படாமல் தனியாகப் போன் பண்ணு கண்ணு. மாசக் கடைசியில் பென்ஷன் வந்துவிடும்.