பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே

பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றணுக்களின் சவ்வில், கண்ணுக்குப் பட்டும் படாமலும் முழுமையடையாத பழுப்பு தெரிந்தால் ஹெர்-2 1+. அவ்வளவு இல்லையென்றால் 0. இரண்டையும் 'நெகடிவ்' என்றே எழுதி அடுத்த ஸ்லைடுக்குப் போய்க்கொண்டிருந்தோம். 2022-இல் டெஸ்டினி-பிரெஸ்ட்04 ஆய்வு அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. பரவிய மார்பகப் புற்றுநோயில் 1+ வந்த பெண்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகன் ஆயுளைக் கூட்டியது. அதுவரை பெரிதாக எண்ணாத ஒரு வித்தியாசம், மருந்து யாருக்கு என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கியது.

ஆனால் நம் கண்கள் ஒன்றுபோல் பார்ப்பதில்லை. 2015-இல் ஜமா இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், 115 பதாலஜிஸ்டுகளின் முடிவுகள் நிபுணர் குழுவின் முடிவோடு ஒப்பிடப்பட்டன. ஊடுருவிய புற்றில் 96 சதவீதம் ஒத்துப்போயின. அடிபியாவில் 48 சதவீதம்தான்.

இந்த வேறுபாட்டைக் குறைக்க உதவும் என்பதால் இயந்திரக் கற்றலை நான் மனமார வரவேற்கிறேன். பத்து சதவீதம் என்பதை நாம் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, குத்துமதிப்பாகச் சொல்கிறோம். மென்பொருள் ஸ்லைடு முழுவதும் ஒவ்வொரு அணுவாக எண்ணும். அதே பிம்பத்தை நூறு முறை கொடுத்தாலும் அதே விடை தரும். மைட்டோசிஸ் எண்ணிக்கையிலும் இந்த உதவி பெரியது.

எனினும் அது கற்பது நம்மிடம்தான். 0-வையும் 1+-ஐயும் ஒரே ஒருவர் பிரித்துக் கொடுத்தால், அவருடைய பழக்கத்தையே ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளில் பிசகாமல் திருப்பிச் சொல்லும். ஒற்றுமை கூடும், சரிதானா என்பது வேறு கேள்வி. பலர் குறித்ததைப் பெரும்பான்மை வாக்கால் ஒன்றாக்கினாலும் பயன் குறைவே, ஏனெனில் நாம் தடுமாறிய இடம் மறைந்துவிடும். 'இது எல்லைக்கோட்டில் இருக்கிறது' என்று சொல்லத் தெரிந்த கருவிதான் நமக்கு வேண்டும்.

இதற்கெல்லாம் முந்தியது ஃபார்மலின். சனிக்கிழமை மாலை அகற்றிய மார்பகத்தை வெட்டித் திறக்காமல் திங்கள் வரை டப்பாவில் போட்டுவைத்தால், ஃபார்மலின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் திசு சிதைந்துவிடுகிறது. மைட்டோசிஸ் மங்கும், ஹெர்-2 சாயமும் பிடிக்காமல் போகலாம். அங்கே எந்த அல்காரிதமும் மிகத் துல்லியமாக 0 என்றே எண்ணும். ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின், அதில் 6 முதல் 72 மணி நேரம் என்ற விதி நமக்கு மனப்பாடம். படிவத்தில் அந்த நேரங்களுக்கான கட்டங்கள்தான் காலியாக வருகின்றன.

ஆகவே இயந்திரக் கற்றல் குறித்து இந்த இதழுக்கு வரும் ஆய்வுகளிடம் இனி மூன்று விவரங்கள் கேட்போம்: ஸ்லைடுகளைத் தனித்தனியே எத்தனை பேர் பார்த்தார்கள், முரண்பட்டவற்றை என்ன செய்தார்கள், திசு எப்போது ஃபார்மலினுக்குள் போனது. இவை இல்லாத கட்டுரைகளை மதிப்பாய்வுக்கு அனுப்ப மாட்டோம்.