நிமிரச் சொல்லித் தருகிறவர்களுக்கு

'நிமிர்ந்து நில்லுங்க, கண்ணைப் பார்த்துப் பேசுங்க, கையை விரிச்சுக் காட்டுங்க.' கோவில்பட்டிப் பக்கம் நம் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்க வருகிறவர்கள் ஓதும் மந்திரம் இது. கூடவே ஒரு கணக்கு: பேச்சின் பலனில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கும் உடம்புக்கும் 55.

இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்தெடுத்த கணக்கு. ஒற்றைச் சொல், குரல், முகம் இவற்றைக் கொண்டு ஒருவரின் விருப்பு வெறுப்பை எப்படி ஊகிக்கிறோம் என்றுதான் அவர் பார்த்தார். மேடைப் பேச்சை அளக்கவில்லை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியும் இருக்கிறார். போகட்டும். உடம்பு பேசும் என்பது உண்மைதான். யாருடைய உடம்பு, யார் முன்னால் நின்று பேசுகிறது என்பதை மறைக்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

பாஞ்சாலங்குறிச்சிக்கு வாங்க. சொல்லே இல்லாமல் சனத்தைக் கிளப்பிய ஆள் இந்த மண்ணில் இருந்தார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை. இடிபட்ட கோட்டை சில நாளில் மறுபடி எழுந்தது. அவரை எதிர்த்துப் போரிட்ட கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார்: இடது உள்ளங்கையில் துரும்புகளைக் குவிப்பாராம், அதுதான் வெள்ளைக்காரன் படை. வலது கையால் ஒரே வீச்சாகத் தட்டிவிட்டு வாயால் ஒரு சீறல். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு. மெலிந்த, நோஞ்சான் உடம்பு என்றும் வெல்ஷே சொல்கிறார். நெஞ்சை விரித்து நிற்கிற வித்தை ஒன்றும் அங்கே கிடையாது. கைகாட்டிவிட்டுப் பெரும்பாலும் முதல் ஆளாகப் பாய்ந்தவரும் அவரே. அந்தத் துரும்புக்கு வலு வந்தது அதனால்தான்.

ஆனால் நமக்கு மிச்சம் வைத்தது எதை? 1959இல் வந்த சினிமாக் கட்டபொம்மனின் கர்ஜனையை. பள்ளிக்கூட மேடைதோறும் தலைப்பாகை, அட்டைக் கத்தி, மூச்சுப் பிடித்த வசனம். ஊமைத்துரை வேஷம் கட்டின பிள்ளையை நான் பார்த்ததில்லை.

கவர்னகிரி சுந்தரலிங்கம்? தீப்பந்தத்தோடு வெடிமருந்துக் கிடங்குக்குள் பாய்ந்தார் என்று நம் சனம் வழிவழியாகச் சொல்லி வருகிற வீரன். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். கலவரத்தில் உயிர்கள் போயின. அதே ஆண்டில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் பஸ்ஸிலிருந்து அரசு எடுத்துவிட்டது. தகரத்தில் எழுதின பெயரையே தாங்காத ஊர், அந்தச் சாதிப் பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் தாங்குமா?

1798இல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனுக்கு ஆசனம் தராமல் மணிக்கணக்கில் நிற்க வைத்தான். அந்த அவமானத்துக்கு இன்றைக்கும் ஊரே கொதிக்கிறது. கொதிக்கட்டும், நியாயம்தான். 1957 செப்டம்பர் 10, முதுகுளத்தூர் சமாதானக் கூட்டம். இம்மானுவேல் சேகரன் எழுந்து நிற்காமல் சரிசமமாக உட்கார்ந்திருந்தார், சரிசமமாகப் பேசினார் என்று அன்றிலிருந்து சொல்லப்படுகிறது. மறுநாள் பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். பாளையக்காரரை நிற்க வைத்ததற்குக் கொதிக்கிற ரத்தம், நம் ஆள் உட்கார்ந்ததற்கும் கொதிக்கிறதே, இது என்ன ரத்தம்?

துண்டைக் கக்கத்தில் இடுக்கு, செருப்பைக் கையில் தூக்கு, குரலை இறக்கிச் 'சாமி'ன்னு கூப்பிடு. இதுவும் உடல்மொழிப் பயிற்சிதான் தோழர்களே. தலைமுறை தலைமுறையாகக் கம்பை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்த பயிற்சி. நம் தாத்தன் தன்னம்பிக்கை இல்லாமல் குனியவில்லை. அன்று ராத்திரி குடிசை எரியக் கூடாது என்று குனிந்தான். இதைச் சொல்லாமல், கோளாறு உன் மனசில்தான் இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்வது மோசடி.

அம்பேத்கர் மகாடில் மாநாடு கூட்டிப் பேசினார். பேச்சோடு நிற்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று சனத்தைக் கூட்டிக்கொண்டு நடந்துபோய்ச் சவதார் குளத்தில் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்காக நம் ஆட்கள் அன்றைக்கே அடிபட்டார்கள். அந்தக் கை அள்ளின தண்ணீரில்தான் மேடைப் பேச்சுக்கு அர்த்தம் வந்தது. நம் மேடைகளில் விரலை மட்டும் நீட்டுகிற பேச்சாளர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

பயிற்சியாளர்களே, நிமிர்ந்து நில் என்று எங்கள் தங்கச்சிக்குச் சொல்கிற வாயால், அவள் நிமிர்ந்து வருகிற தெருவில் மறிக்கிறவனிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அங்கே வந்து, அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த உடல்மொழியை நாங்களும் பார்த்துப் படிக்கிறோம்.