மூன்றாண்டுக்கு முன்னால் ஓர் ஐந்தாண்டு

கீழமை நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் தொழில் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்துவிட்டது. 1993-இல் வந்து, ஷெட்டி ஆணையப் பரிந்துரையின் பேரில் 2002-இல் போன நிபந்தனைதான் திரும்பியிருக்கிறது. தற்காலிகப் பதிவிலிருந்தே கணக்கு தொடங்கும், லா கிளார்க் பணியும் சேரும் என்பதெல்லாம் நியாயமான சலுகைகள். தீர்ப்பின் நோக்கத்தோடு நமக்குச் சண்டையில்லை. சாட்சிக் கூண்டில் நடப்பதைக் கண்ணால் பாராதவர் நீதிபதி இருக்கையில் அமர்ந்தால் அவதிப்படுவது கட்சிக்காரர்தான். ஐந்தாண்டு படித்து வந்தவர் அதை ஏன் பார்க்கவில்லை என்பதுதான் நம் கேள்வி.

பார்க்க முடியாதபடி விதி செய்தது இந்திய பார் கவுன்சில். 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்தைத் தாண்டக் கூடாது. மாணவருக்கு அந்த நான்கு வாரம் கிடைப்பது பெரும்பாலும் கோடை விடுமுறையில். மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உரிமையியல் நீதிமன்றங்களுக்கும் விடுமுறை. விடுமுறைக்கால அமர்வில் அவசர மனுக்களையும், மாஜிஸ்திரேட் முன் ரிமாண்டையும் பார்க்கலாம். ஆவணம் குறியீடு செய்வதையும் குறுக்கு விசாரணையையும் எங்கே பார்ப்பது? இன்டர்ன்ஷிப் டைரி மட்டும் குறையில்லாமல் நிரம்பிவிடுகிறது. கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களுக்கோ மே மாத விடுமுறை கிடையாது. முன்னணி தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் மாணவர் பிளேஸ்மென்ட் குழுவே பயோடேட்டாக்களைத் திரட்டி அனுப்புகிறது. மும்பையிலோ டெல்லியிலோ உதவித்தொகையோடு சில வாரம், வேலை பிடித்திருந்தால் படிப்பு முடியுமுன்னே வேலை உத்தரவாதம். மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி மாணவருக்கு ஆள்சேர்ப்பு என்றால் தெரிந்த குமாஸ்தா ஒருவரின் சிபாரிசு. நிறுவனத்துக்குப் போகிறவருக்குக் கூலி உண்டு, கோர்ட்டுக்குப் போகிறவர் பஸ் காசையும் வீட்டில்தான் வாங்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வை இவ்விதழ் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. இப்போது அதன்மேல் இன்னும் மூன்றாண்டு ஏறியிருக்கிறது.

ஏறியது எப்படி என்று பாருங்கள். மூன்றாண்டு தொழில் செய்ததற்கு நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் சான்றளிக்க வேண்டும்; இல்லையேல் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தரும் சான்றில் மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட வேண்டும். வாய்தா வாங்கவும் நகல் மனு போடவும் மட்டுமே ஜூனியரை அனுப்புகிற சீனியரின் கையில், சம்பளத்தோடு தேர்வெழுதும் தகுதியும் இனி சேர்ந்துவிட்டது. அவரிடம் உதவித்தொகை கேட்டு மல்லுக்கு நிற்க எந்த ஜூனியருக்குத் துணிவு வரும்? நகரத்தில் ₹20,000, கிராமப்புறத்தில் ₹15,000 என்று பார் கவுன்சில் 2024 அக்டோபரில் அனுப்பிய சுற்றறிக்கை வெறும் பரிந்துரை. அதே தொகைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே ஜூன் மாதத்தில் வலியுறுத்தியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சிற்றூர் சீனியருக்கே மாதம் அவ்வளவு வருவதில்லையே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் முழுச் சுமையையும் அவர் தலையில் கட்டக் கூடாது. ஆந்திர அரசு 2019-இல் கொண்டுவந்த திட்டம், தொழிலின் முதல் மூன்றாண்டுக்கு மாதம் ₹5,000 தந்தது. பார் கவுன்சில்களும் பங்கு ஏற்கட்டும். வழக்கறிஞர் பதிவுக் கட்டணத்தை ₹750-க்குள் நிறுத்த 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. அதுவரை ஒவ்வொரு பட்டதாரியிடமும் பல்லாயிரம் வாங்கிய மாநில பார் கவுன்சில்கள், அதில் ஜூனியர்களுக்கென்று எவ்வளவு ஒதுக்கின? கணக்கைக் காட்டட்டும். பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை தருவதை யாரும் தருமமாக எண்ணுவதில்லை. வழக்கறிஞர் என்றால் மட்டும் பட்டினி கிடப்பதே பயிற்சியின் ஒரு பகுதி என்று பேசுகிறோம்.

இன்டர்ன்ஷிப்புக்கான நான்கு வார வரம்பையும் நீக்க வேண்டும். நீக்கினால் வகுப்பும் 70 விழுக்காடு வருகைப்பதிவும் என்னாகும் என்று கல்லூரிகள் கேட்கும். கடைசி செமஸ்டரை விசாரணை நீதிமன்றத்துக்கே ஒதுக்கி, அங்கே வந்த நாட்களை வருகையாகக் கொண்டால் போதும். நீதிமன்றங்கள் முழு வேகத்தில் நடக்கும் மாதங்களில் மாணவர் ஒரு வழக்கைப் பிராது முதல் வாதம் வரை பார்ப்பது கடினம், ஆனால் ஒரு சாட்சியின் முதல் விசாரணையையும் குறுக்கு விசாரணையையும் முழுதாகப் பார்க்கலாம். அந்தக் காலத்தை மூன்றாண்டில் கழித்துக்கொள்ளவும் பார் கவுன்சில் உச்ச நீதிமன்றத்திடம் கேட்கலாம். தன் விதியைத் திருத்த அதற்கு நாடாளுமன்றத்தின் தயவு தேவையில்லை.