கைதட்டல் யாருக்கு?

கல்லூரிகளுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெறும் கூடைப்பந்துப் போட்டி வந்துவிட்டால் நமக்குத் திருவிழாதான். கல்லூரி வண்ணத்தில் கொடிகள், காதைத் துளைக்கும் சீழ்க்கை, கை சிவக்கக் கொட்டும் மேளம்! நானும் தொண்டை கட்டக் கத்தியவன்தான், மறுக்கவில்லை.

ஆனால் நண்பர்களே, சென்ற முறை நடந்தது என்ன? ஆண்கள் ஆட்டம் முடிந்தது, மேளம் உறைக்குள் போயிற்று, கூட்டம் கலைந்தது. அடுத்து நம் மாணவியர் களமிறங்கினர். வாயிலில் நின்று திரும்பிப் பார்த்தேன். எஞ்சியிருந்தவர் பத்துப் பேர். வெட்கத்தோடு சொல்கிறேன், வெளியேறியவர்களில் நானும் ஒருவன்.

"பெண்கள் ஆட்டத்தில் விறுவிறுப்பு ஏது?" என்பார் சிலர். இதே பெங்களூரில், 2017 ஜூலையில், ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவு இறுதியாட்டத்தில் நம் நாட்டுப் பெண்கள் கஜகஸ்தானை 75–73 என வென்றார்களே, அதைவிட விறுவிறுப்பு எது? அவ்வணியில் ஆடிய சென்னை அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ விருதுக்கு உரியவரானார்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரி ஆண்களுக்கான தேசியப் போட்டி 1939இல் தொடங்கியது. அதே சங்கம் பெண்களுக்குப் போட்டி நடத்தத் தொடங்கியதோ 1982இல்தான். ஆயினும் 2024இல் பெண்கள் இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டோர் தொகை, ஆண்கள் இறுதியாட்டத்தைக் கண்டோர் தொகையை விஞ்சியது!

பார்ப்பவர் இருந்தால்தான் ஆட்டம் வளரும். ஆகவே தோழர்களே, அடுத்த போட்டியில் மேளத்தைப் பாதியில் உறையிலிடாதீர்கள். கடைசி ஆட்டத்தின் கடைசி நொடிவரை அது முழங்கட்டும். முன்வரிசையில் நான் இருப்பேன், நீங்களும் வாருங்கள்!