காப்புரிமையும் கூட்டுறவாளர் கடமையும்

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் பலனைச் சில ஆண்டுகள் தனியே அனுபவிப்பது நியாயமா என்று கேட்டால், நியாயமே என்று நாம் விடை கூறுவோம். ஊரார் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த ஒன்றைத் தம் பெயரில் எழுதிக்கொண்டவரும் அவ்வாறே அனுபவிக்கலாமா என்று கேட்டால், கூடவே கூடாது என்போம். இவ்விருவரையும் பிரித்தறிவதே பேடண்டு எனப்படும் காப்புரிமைச் சட்டத்தின் வேலை. இது வக்கீல்களுக்கும் பெரிய ஆலைகளுக்கும் உரிய விஷயம் என்று தறியில் அமர்வோரும் ஏர் பிடிப்போரும் ஒதுங்கி நிற்பது தகாது என்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறோம்.

காப்புரிமையின் சரித்திரம் அச்சுத் தொழிலோடு பிணைந்தது. 1469இல் வெனிஸ் நகர ஆட்சியினர், யோஹான் என்ற ஜெர்மானிய அச்சகருக்கு, அந்நகரில் அச்சுத் தொழில் நடத்தும் ஏகபோக உரிமையை 5 ஆண்டுகளுக்கு வழங்கினர். மறு ஆண்டே அவர் காலமானார். உரிமையும் அவருடனேயே முடிந்தது. பின்னர் அங்கே அச்சகங்கள் பல தோன்றி, வெனிஸ் நகரம் புத்தகத் தொழிலுக்குப் பேர்போன இடமாயிற்று. 1474இல் அந்நகரம் இயற்றிய சட்டமோ, புதிய கருவியைக் கண்டவருக்கு 10 ஆண்டு உரிமை தந்தது. ஒரு தொழில் முழுவதையும் ஒருவர் கையில் பூட்டி வைப்பது வேறு. ஒருவர் கண்ட புதுமைக்குக் கால எல்லை வகுத்துப் பரிசளிப்பது வேறு. முன்னதை நாம் எதிர்க்கிறோம், பின்னதை எதிர்க்கவில்லை.

எதிர்க்காததற்குக் காரணம் உண்டு. நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் என்பவர், காகிதங்களைப் படியெடுக்கும் வேலையின் தொல்லையை அனுபவித்து உணர்ந்தவர். 1938இல் மின்னூட்டமும் பொடியும் கொண்டு, ஈரமில்லாமலேயே எழுத்தைக் காகிதத்தில் பதிக்கும் வழியைக் கண்டார். 1942இல் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் பல கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. அம்முறையில் இயங்கும் அலுவலக யந்திரம் 1959இல்தான் பெரும் வெற்றி கண்டது. எழுதப்பட்ட உரிமை கையில் இல்லாதிருந்தால், இத்தனை ஆண்டு அந்த முயற்சிக்குப் பணம் போட யார் முன்வந்திருப்பார்கள்? உழைத்தவருக்கு உரிமை வேண்டும் என்னும் கொள்கை கூட்டுறவுக்குப் பகையன்று.

ஆனால் உழைத்தவருக்குக் கூலி கொடுக்க வேறு வழியும் உண்டு. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளால் பூவேலைப்பாட்டை நெய்யும் சாதனத்தை அமைத்தார். 1805இல் அந்நாட்டுச் சர்க்கார் அதனைப் பொதுச் சொத்தாக அறிவித்தது. ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும், அமைக்கப்படும் ஒவ்வொரு தறிக்கும் ஒரு தொகையும் கிடைக்க ஏற்பாடு செய்தது. கண்டவரும் வாழ்ந்தார், கருவியும் பரவிற்று. அந்தச் சாதனம் இன்று நம் பட்டுத்தறிகளின் மேலும் இருப்பதை அங்கத்தினர் அறிவர். கூட்டுறவாளருக்கு இதனினும் உகந்த முன்மாதிரி வேறு எது?

துணி வைத்தியத்துக்கு உதவிய கதையும் நம்மவர் அறியத்தக்கது. 1947இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற மருத்துவர், ஒரு நாயின் இதயத்தினுள் மாதக்கணக்கில் கிடந்த பட்டிழையின்மேல் வழவழப்பான மெல்லிய படலம் மூடியிருக்கக் கண்டார். நெய்த துணியால் இரத்தக் குழாய் செய்யலாம் என்ற எண்ணம் அதிலிருந்தே பிறந்தது. பின்னர் ஹூஸ்டன் நகர மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டாக்ரான் துணியைத் தையல் யந்திரத்தில் குழாயாகத் தைத்தார். 1950களில் அத்தகைய குழாய்கள் நோயாளிகளின் உடலில் பொருத்தப்பட்டன. டாக்ரான் என்பது பாலியெஸ்டர். அந்த இழைக்கு 1941இலேயே இங்கிலாந்தின் இரசாயனிகள் இருவர் காப்புரிமை கோரியிருந்தனர். இழையைப் படைத்தவர் வேறு, அதனை உயிர் காக்கும் குழாயாக்கியவர் வேறு. பயன்படுத்துவோரின் புத்தியும் கண்டுபிடிப்பே என்பதற்கு இது சான்று. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் கட்டுத்துணி நெய்வோரும், எந்தக் காயத்துக்கு எந்த நெசவு தகும் என்று ஆராய உரிமையுள்ளவர்களே.

உயிரின் வளர்ச்சியை ஆராயும் துறையிலும் உரிமைக் கோரிக்கை எழுந்தது. 1996இல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்தில், வளர்ந்த ஆட்டின் மடியிலிருந்து எடுத்த உயிரணுவைக் கொண்டு டாலி என்னும் ஆட்டுக்குட்டியைப் பிறக்கச் செய்தனர். அவர்கள் கையாண்ட முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. அம்முறையால் பிறக்கும் பிராணிக்கும் உரிமை கேட்டபோது, 2014இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. பிறந்த ஆடு, இயற்கையில் உள்ள ஆட்டினின்றும் வேறுபட்டதன்று என்பதே காரணம். வழி மனிதன் வகுத்தது, ஆடு இயற்கையுடையது. எளிய இத்தீர்ப்பு உழவர் மனத்துக்கு உடனே விளங்கும். நம் நாட்டுச் சட்டமும் செடிக்கும் பிராணிக்கும் விதைக்கும் காப்புரிமை தருவதில்லை. 2001ஆம் ஆண்டுச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது. பதிவு பெற்ற இரகத்தின் விதையை முத்திரைப் பெயரிட்டு விற்பதை மட்டுமே தடுக்கிறது.

இனி நம் வீட்டு வாசற்படிக்கே வந்த வழக்கைக் கூறுவோம். 1995இல் அமெரிக்காவில், மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ நிலையம் காப்புரிமை பெற்றது. நம் பாட்டிமார் அறிந்த மருந்து அது! ஆனால் பாட்டிமார் அறிவர் என்று சொன்னால் அந்நாட்டு அலுவலகம் ஏற்காது. நம் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றம், பழைய நூல்களையும், 1953இல் ஓர் இந்திய மருத்துவச் சஞ்சிகையில் வந்த கட்டுரையையும் சான்றாகக் காட்டி வாதாடிற்று. 1997இல் அந்தக் காப்புரிமை நிராகரிக்கப்பட்டது. வேப்பெண்ணெய் கொண்டு பூஞ்சணத்தை ஒழிக்கும் முறைக்கு ஐரோப்பாவில் வழங்கப்பட்ட உரிமையும் 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. மஞ்சள் வழக்கில் வென்றது எழுத்து. எழுதாத அறிவு ஊருக்குள் செல்வம். வழக்கு மன்றத்தில் அது ஊமை.

நம் நாட்டில் நிலைமை சற்று நலமானது. மரபறிவே ஆன ஒன்றுக்கு இங்கே காப்புரிமை இல்லை. ஒரு விண்ணப்பம் வெளியிடப்பட்டபின், உரிமை வழங்கப்படுமுன், எவரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். உள்ளூர்ச் சமூகத்தின் வாய்மொழி அறிவையும் அதற்கு ஆதாரமாகக் காட்டலாம். உரிமையின் காலம் 20 ஆண்டு. அது கழிந்தபின் கண்டுபிடிப்பு அனைவருக்கும் பொது. காலங்கடந்த காப்புரிமைகளில் நெசவுக்கும் சாயத்துக்கும் உரிய எத்தனையோ முறைகள் கேட்பாரின்றிக் கிடக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்லத் தக்கவரைச் சங்கம் அமர்த்தினால், அச்செலவு வீண் போகாது.

ஆகவே நம் யோசனை இது. ஒவ்வொரு சங்கமும் ஒரு பதிவேடு திறக்கட்டும். சாயம் காய்ச்சும் பக்குவம், பாவுக்குக் கஞ்சி ஏற்றும் முறை, பூச்சி விரட்டும் கரைசல், விதை காக்கும் வழி ஆகியவற்றை, சொன்னவர் பெயரும் தேதியும் குறித்து எழுதி வைக்கட்டும். பழமையாகப் பலரும் அறிந்தவற்றை இதுபோன்ற ஏடுகளில் அச்சிடட்டும். தேதியுடன் அச்சேறிய பக்கம் நாளை சாட்சி சொல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். உண்மையிலேயே புதியதாக ஓர் அங்கத்தினர் கண்ட யந்திர அமைப்பையோ, வரைந்த புதுக் கரை வடிவத்தையோ முதலில் அச்சிட்டுவிடலாகாது. வெளியானபின் அது புதுமை அன்று என்று சட்டம் கூறிவிடும். அத்தகையவற்றுக்கு முதலில் விண்ணப்பம், பிறகே விளம்பரம். வடிவத்துக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. எதைப் பொதுவில் வைப்பது, எதைப் பதிவு செய்வது என்பதைத் தரகரோ வியாபாரியோ தீர்மானிக்க விடாமல், நிர்வாகக் குழுவும் கண்டவரும் கலந்து முடிவு செய்யவேண்டும். வரும் இலாபத்தில் கண்டவருக்கு உரிய பங்கையும் முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டும்.

சிறுகச் சேர்த்த பங்குத் தொகையைக் கணக்கெழுதிக் காக்கும் நாம், முன்னோர் சேர்த்த அறிவைக் கணக்கில் ஏற்றாமல் விடுவது முறையன்று. அடுத்த மகாசபையிலேயே இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.